பருப்பு வேகாத ஊர்

வூர்ஸ்பர்க்கில் வீடு மாறிய முதல் வாரம்
குடிநீர் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம்.
மூன்றே கட்டம்: மென்மை, நடுத்தரம், கடினம்.
என் தெருவுக்கு மூன்றாவதில் பெருக்கல் குறி.
மெல்லினம், இடையினம், வல்லினம் என்று
எனக்கு நானே மொழிபெயர்த்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

கசடதபற.
குழாயும் அன்றிரவு அதையேதான் சொன்னது:
ட். ட். ப்.
வாஷர் தேய்ந்த இடத்தில் ஒரு ற்.

உன் பருப்பு இங்கே வேகாது என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
விசா அலுவலகத்தில் சொல்லவில்லை.
வீடு கேட்டுப் போன பதினோரு இடங்களிலும்
புன்னகையோடு வேறு ஏதோ சொன்னார்கள்.
சொன்னது தண்ணீர்தான்.
ஒன்றரை மணி நேரம் கொதித்தும்
துவரை துவரையாகவே கிடந்தது,
சட்டி நிறைய மஞ்சள் பற்கள்.

கறுப்புச் சுடிதார் துவைக்கத் துவைக்கச் சாம்பல்.
கட்டன் சாயாவின் மேல் ஒரு மெல்லிய ஆடை,
கரண்டி பட்டால் ஏரிப் பனிபோல விரிசல் விடும்.
சோப்பு நுரைப்பதற்கு முன் யோசிக்கும்,
நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் யோசிப்பதுபோல.

கீழ்வீட்டு வால்புர்கா ஹ்யூமர்
எழுபத்தெட்டு வயதில்
கண்ணாடிப் புட்டிகள் அடுக்கிய பெட்டியை
படிக்கு ஒரு மூச்சாகத் தூக்கி வருகிறார்.
சுண்ணாம்புச் சத்து மிகுந்தது என்று
லேபிளிலேயே போட்டிருக்கிறது.
ஒரு கை பிடித்தேன்.
குழாயில் வருவதும் அதுதானே என்று கேட்க வாயெடுத்தேன்.
தண்ணீருக்கு ஜெர்மனில் எந்தப் பால் என்று தேடுவதற்குள்
கதவு மூடிவிட்டது.

பிப்ரவரியில் வெந்நீர் நின்றது.
லுல்சிம் வந்தார், பிரிஷ்டினாக்காரர்.
சுவருக்குள் கைவிட்டு ஒரு சாண் குழாயை
அறுத்து என்னிடம் தந்தார்.
வளையம் வளையமாய் வெள்ளை.
நடுவில் ஒரு பென்சில் நுழையலாம், அவ்வளவுதான்.
அப்பாவின் ஆஞ்சியோ படத்தை
வாட்ஸப்பில் பெரிதாக்கிப் பார்த்த அதே கண்ணால் பார்த்தேன்.

அழுக்கா, என்றேன்.
கடல், என்றார்.

திராட்சைத் தோட்டங்களுக்கு அடியில்
சிப்பி சிப்பியாய் அடுக்கிய பாறையாம்.
மழை இறங்கிக் கரைத்து
குழாய்வரை கூட்டி வருகிறதாம்.
நல்ல தண்ணீர், குடி.
கெட்டிலுக்குத்தான் பிடிக்காது.
அவருடைய மூன்றாம் மொழியும் என் நான்காம் மொழியும்
முட்டிக்கொண்ட அந்தப் பேச்சில்
கடல் ஒன்றுதான் உடையாமல் வந்துசேர்ந்தது.

வேளச்சேரியில் எட்டு வருடம்
கேன் தண்ணீர் வாங்கினேன்.
கேன் போட்ட பையனின் தோளில் ஒரு தழும்பு.
பெயர் கேட்டதில்லை.
எல்லாவற்றையும் வடிகட்டிய தண்ணீர் அது,
எந்தப் பாத்திரத்திலும்
வந்துபோன தடமே இருக்காது.

சனிக்கிழமை கெட்டிலில் வினிகர் ஊற்றினேன்.
சின்னதாய் ஒரு சீறல்.
எத்தனையோ கோடி வருடம் பிடித்துவைத்த மூச்சை
ஏதோ ஒரு சிப்பி
என் சமையலறையில் விட்டது.
ஜன்னலைத் திறந்தேன்,
பாதி மரியாதைக்கு, பாதி நாற்றத்துக்கு.

இப்போதெல்லாம் பருப்புக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா.
சத்தெல்லாம் போய்விடும் என்கிறாள் அக்கா போனில்.
போகட்டும். வேகிறது.

அடுப்பின் கறுப்புக் கண்ணாடியில்
நேற்றுத் தெறித்த துளிகள் காய்ந்து
வெள்ளையாய் மூன்று புள்ளி.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
வல்லினத்தில் சேராது, மெல்லினத்தில் சேராது,
உயிரும் இல்லை, மெய்யும் இல்லை,
தனிநிலை என்று ஆறாம் வகுப்பில்
மனப்பாடம் செய்தது.

துணியை எடுத்தேன்.
சாப்பிட்டுவிட்டுத் துடைக்கலாம்.