வீட்டுக்குப் பாவாடை

கடைக்காரர் வாவ்டா அதற்கு ஸ்கர்ட்டிங் என்றார்.
நான் பாவாடை என்று எழுதிக்கொண்டேன்,
மின்கட்டண ரசீதின் பின்புறத்தில்.

எட்டுக் கல்தூண் மேல் முழங்கால் தெரிய
ஆறு வருடமாக நிற்கிறது எங்கள் வீடு,
டொங்காட்டில், என் சித்தப்பா மகனின் கொல்லையில்,
கரும்புக்கு நாற்பதடி தள்ளி.
ஆலைக்காரர்கள் ஏலம் விட்ட வண்டிவீடு.
ஒரு டிராக்டர் இழுத்து வந்து விட்டுப் போனது.
போர்ட் ஷெப்ஸ்டனில் கடலைப் பார்த்து ஒரு மனை,
அடுத்த வருஷம் கிளம்பிடலாம் என்றார் குணசீலன்.
அந்த அடுத்த வருஷம் வாசலிலேயே நிற்கும்,
செருப்பைக் கழற்றாத விருந்தாளி போல.

மாத முதல் ஞாயிறு
காலால் மிதிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு
குனிந்து உள்ளே போவார்.
நகராத வீட்டின் இரண்டு டயருக்கும் காற்றடிப்பார்.
வெளியே வரும்போது முதுகெல்லாம் சிலந்தி வலை,
முகத்தில் ஒரு பயணக் களை.

கரும்புக்குத் தீ வைக்கும் மாதத்தில்
கரித்தூள் பறந்து வந்து கொடித்துணியில் உட்காரும்.
அது போகட்டும், உதறிவிடலாம்.
எலி வரும். எலியைத் தேடிக்கொண்டு அதுவும் வரும்.
ராத்திரி நேரம், பேரைச் சொல்ல மாட்டேன்.
போன ஜூலையில் கட்டிலுக்கு நேர் கீழே
சட்டை உரித்துப் போட்டிருந்தது,
குணசீலனை விட நீளம்.
அன்றைக்குத்தான் சொன்னேன்,
இந்த வீடு இனி இப்படி நிற்கக் கூடாது என்று.

செங்கல் என்றால் பதினாலாயிரம் ரேண்ட்.
டர்பனிலிருந்து வரும் பிளாஸ்டிக் பலகை பத்தொன்பதாயிரம்;
படத்தைக் காட்டிவிட்டு வாவ்டாவே மூடி வைத்தார்.
தகடுதான் நமக்கு.
சுற்றளவு இருபத்துநாலு மீட்டர், இரண்டடி உயரம்.

தகடு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது.
கரையான் மருந்து ஏற்றிய கட்டை எண்ணூற்று அறுபத்துநாலு.
ரப்பர் வளையம் வைத்த ஸ்க்ரூ இரண்டு பெட்டி, முந்நூற்று எண்பது.
காற்றுக்கு வலைச்சன்னல் எட்டு.
காற்றுக்குமா காசு என்றேன்.
மூச்சு விடாவிட்டால் தரை இற்றுப்போகும் அம்மா என்றார்.
முந்நூற்று அறுபது.
வண்டிக்கூலி முந்நூற்று ஐம்பது.
தெம்பிங்கோசிக்கு இரண்டு நாள் கூலி ஆயிரத்து எண்ணூறு.

ஆறாயிரத்து இருநூற்று எழுபத்துநாலு.
மைலோ டின்னில் இருந்தது நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
மூன்று தரம் எண்ணினேன். டின் இளகவில்லை.

தெம்பிங்கோசி மண்டியிட்டு உள்ளே டார்ச் அடித்தான்.
ரொம்ப நேரம் அடித்தான்.
இந்தச் சக்கரம் இரண்டையும் அச்சோடு கொடுத்தால்
குறைகிற பணத்தைக் கூலியில் கழிக்கிறேன் என்றான்.
டிரெய்லர் ஒன்று கட்ட வேண்டுமாம்.
அதற்கு மேலேயே போகும்.
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
குணசீலன் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்பேனரை எடுத்து வந்து
முதல் நட்டைத் தானே கழற்றினார்.
துரு இல்லை.
எனக்குத் தெரியாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்,
ஆறு வருடமும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைசித் தகடு.
நானூற்று இருபத்தாறு ரேண்ட் எண்ணிக் கொடுத்தேன்.
அவன் பக்கியின் பின்னால் எங்கள் சக்கரங்கள்
மல்லாந்து படுத்தபடி
ஸ்டேங்கர் சாலையில் திரும்பின.

வீடு இப்போது கால் மறைய,
கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி
எங்கும் கிளம்பாமல் நிற்கிறது.

ராத்திரி கரும்பு லாரி போயிற்று.
வழக்கமாக அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
கட்டை இறுக்கியதாலோ என்னவோ, சத்தமே இல்லை.
அடுத்த லாரிக்காக விழித்திருந்தேன்.
பக்கத்தில் அவரும்தான்.

பம்ப் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது.
அதையும் கொடுத்துவிடலாமா என்று கேட்க வாயெடுத்து,
எட்டு வலைச்சன்னல் போதுமா என்று கேட்டேன்.
ஒன்பது வைத்திருக்கலாம் என்றார்.