மூன்று மணித் தண்ணீர்

ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில்
புதிதாய் வந்த மிஸ்ஸி
பாரத்தை என்னிடம் நீட்டி
"மகன் இங்கே கையெழுத்து" என்கிறாள்.
அக்காவைப் பார்த்து
ஹொக்கியனில் ஏதோ கேட்கிறாள்.

மீன் விலை தவிர
அக்காவுக்கு ஹொக்கியன் தெரியாது.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து
'ச்ச்' என்கிறாள்.
இடது தோள் ஓர் அங்குலம் ஏறி இறங்குகிறது.
நாற்காலியில், இரண்டு குழாய்களுக்கு நடுவே
கண்மூடிக் கிடக்கும் அம்மாவும்
அதே நொடியில் 'ச்ச்'.
அதே தோள்.

மிஸ்ஸி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.
என்னை அப்புறம் பார்க்கவே இல்லை.

எட்டு வருஷம் வெறும் தொட்டிலை ஆட்டிவிட்டு
பன்னிரண்டு நாள் குழந்தையை
ஒரு பால்டின் பெட்டியில் வாங்கி வந்தாளாம் அம்மா.
அமிர்தவல்லி என்று பேர் வைத்தாள்.
அவள் நடக்கப் பழகியபோது
கேட்காமலே நான் வந்தேன்.

எனக்குக் கிடைத்தது மூக்கு.
முன்நெற்றி நரை, நாற்பதிலேயே சர்க்கரை,
கீழ் உதட்டுக்கு அடியில் மச்சம்,
அம்மாவுக்கு இருக்கும் அதே இடத்தில்.
மற்றதெல்லாம் அக்காவுக்கு.
ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்ப்பது.
சில்லறையைத் தாளில் மடித்து
மேலே தேதி எழுதி வைப்பது.
கோபம் வந்தால் கத்தாமல்
வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்குவது.

நூலைப் போல சேலை என்பார்கள்.
எங்கள் வீட்டில் நூல் ஒரு மூலையில் கிடந்தது,
சேலையை வேறொன்றில் நெய்துவிட்டார்கள்.

பதினோரு வருஷம் முன்னால்
கிட்னி பொருந்துமா என்று பார்த்தார்கள்.
எனக்குப் பொருந்தியது.
அக்காவுக்கு இல்லை.
டாக்டர் சொல்லி முடித்த பிறகும்
ஊசி குத்திய கையை அவள் மடக்கவில்லை,
இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள் என்பதுபோல.
நான் வாய் திறக்கும் முன்
"வேணாம்" என்றாள் அம்மா.
கார் நிறுத்திய இடம் வரைக்கும்
என் கால்கள் எவ்வளவு லேசாய் நடந்தன!
அப்பா பட்டர்வொர்த் ஃபெரி ஏறியபோது
எனக்கு எட்டு மாசம்.
அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை.
என் கால்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சரி, என் ரத்தம் அப்படி,
அவள் வளர்ப்பு இப்படி என்று
கணக்கை மூடலாம் என்றால்
அக்காவிடம் அந்த மூன்று மணி இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே
விடியுமுன் மூன்றுக்கு விழித்துவிடுவாள்.
அலாரம் இல்லை. கெட்ட கனவும் இல்லை.
எங்கள் வீட்டில் ஏழுக்கு முன் எழுந்தவர் கிடையாது;
அம்மா தூக்கத்துக்குப் பேர்போனவள்.
விபூதி போட்டார்கள், கயிறு கட்டினார்கள்,
ஒரு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார்.
மூன்று மணி அசையவில்லை.

போன செவ்வாய், அக்கா காப்பி வாங்கப் போனதும்
கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னாள்:
"இவளக் கொடுத்தவ ஆயர் ஈத்தாம்ல
தவுகே போட்டு விக்கிறவ.
பச்சப்பயிறு வெள்ளையா முளைக்கணும்னா
இருட்டுல வச்சி
ராவு மூணு மணிக்குத் தண்ணி தெளிக்கணுமாம்.
இவ வயித்துல இருக்கறப்பவும் தெளிச்சிருக்கா.
அவகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை.
வயிற்றுக்குள் கிடந்தபடியே பழகியதை
எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நேற்று ராத்திரி தாகம் எடுத்து எழுந்தேன்.
சமையலறையில் விளக்கு போடவில்லை.
குழாய் மட்டும் திறந்திருந்தது.
அக்கா விரல்களை அகல விரித்து
தண்ணீருக்கு அடியில் பிடித்திருந்தாள்.
அது சிதறி,
கவிழ்த்து வைத்த பாத்திரங்கள்மேல்
பொடிப்பொடியாய் விழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா?"

'ச்ச்.'
இருட்டிலும் அந்தத் தோள் தெரிந்தது.
"போய்ப் படு.
காலையில அம்மாவுக்கு நீதான வண்டி எடுக்கணும்."