பதினேழு வயதுக்கு அனுமதிக்கப்பட்டவை

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே
குரியன் இறங்கிவிட்டான்.
என்னைவிட எட்டு வயது மூத்தவன்,
பெரிய விமானத்துக்குப் போக
மணிக்கணக்குச் சேர்த்துக்கொண்டிருப்பவன்.
காலி இருக்கையின் பெல்ட்டை
ஆள் இருப்பதுபோல் இழுத்துப் பூட்டினான்.
"ஒரே ஒரு சுற்று" என்றான்.
கதவைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டினான்,
டவுன் பஸ்ஸை அனுப்புவதுபோல.

அப்துல்லாபுரத்து ஓடுதளம்.
நீளம் குறைவு, விரிசல்களில் தும்பைச் செடி.
காற்றுப்பை பாதித் தூக்கத்தில் தொங்கியது.
முழுக்கத் தள்ளினேன்.
எழுபத்தெட்டு கிலோ இறக்கிவைத்த செஸ்னா
நான் கேட்பதற்கு முன்பே எழும்பிவிட்டது.

நிமிடத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்.
அப்பா சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.
தோட்டப்பாளையத்தில் டயர் ரீட்ரெடிங் கடை அவருக்கு.
என்னைச் சேர்க்க வந்த அன்று
இறக்கையைப் பார்க்கவில்லை, மீட்டர்களைப் பார்க்கவில்லை.
குனிந்து சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி
"ஆட்டோ டயர் மாதிரி இருக்கே" என்றார்.
அவ்வளவுதான் கேட்டார்.

எதிரே கோட்டை,
அகழியோடு, காலை வெயிலில்,
யாரோ கழற்றிப் போட்ட பெல்ட் பக்கிள்போல.
இடப்பக்கம் சாய்ந்தேன். பாலாறு வந்தது.
தண்ணீரில்லாத ஆறு என்று ஊரே சொல்லும்,
நானும் சொல்லியிருக்கிறேன்.
ஆயிரம் அடியிலிருந்து
மணல் லாரிகளின் தடங்கள் பிரிந்து, பின்னி, மறுபடி சேர்ந்து
தண்ணீர் செய்ய வேண்டிய வேலையைச்
செய்துகொண்டிருந்தன.

பெட்ரோல் சரி, பிரஷர் சரி என்று
காலி இருக்கையிடம் உரக்கச் சொன்னேன்.
"மூக்கு, மூக்கு" என்று அது கத்தவில்லை.
அப்போதுதான் பயம் வந்தது.

பள்ளிகொண்டா பக்கம் போய்த் திரும்பியதும்
கண்ணில் நேராகச் சூரியன்.
வேகத்தைக் குறைத்து, இறங்கி, இறங்கி,
ஓடுதளம் அகலமாகி வருகையில்
அதன் நடுவில் ஏழெட்டு வெள்ளாடுகள்.
ஒன்று மட்டும் தலைதூக்கிப் பார்த்தது,
நான்தான் தப்பான இடத்துக்கு வந்ததுபோல.

மறுபடி முழுக்கத் தள்ளினேன்.
கைக்குத் தெரிந்திருந்தது;
எனக்குத்தான் பிற்பாடு தெரிந்தது.
கீழே ஒரு பையன் துண்டைச் சுழற்றி ஓடினான்,
அவன் பின்னால் குரியன்,
கையில் தேநீர்க் குவளையோடு.

இரண்டாம் முறை தொட்டேன்,
எகிறினேன்,
தொட்டேன், எகிறினேன்,
தொட்டேன்.
மூன்று இறக்கம். பதிவேட்டில் ஒன்று என்று எழுதினோம்.
மொத்தம் பதினான்கு நிமிடம்,
அதில் ஆடுகளின் பங்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.

ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது
கொணவட்டத்தில் கைகாட்டி நிறுத்தினார் கான்ஸ்டபிள்.
பெயர்? தாட்சாயணி.
வயசு? பதினேழு.
"லைசென்ஸ்?"
பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார்,
போட்டோவைப் பார்த்து என்னைப் பார்த்தார்,
கடைசியில் வானத்தையும் ஒரு முறை பார்த்தார்.
"மேல எங்க ஸ்டேஷன் லிமிட் கிடையாதும்மா.
இது ரோடு. பதினெட்டு ஆகணும்.
தள்ளிக்கிட்டுப் போ."

தள்ளினேன்.
லாரிகள் ஒதுங்காமல் ஒதுக்கிவிட்டுப் போயின.
செருப்பு வார் அறுந்தது.
ஒரு மணி பத்து நிமிடம், இதற்குக் கட்டணமில்லை.
வழியில் ஒருவரிடமும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
வண்டி தள்ளுகிற பெண் சொல்வதை
யார் நம்புவார்கள்?

அப்பா கடைவாசலில் கறுத்த கையோடு நின்றார்.
என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.
ஆனால் குனிந்து
ஸ்கூட்டியின் பின்சக்கரத்தை அழுத்திப் பார்த்து
"காத்து கம்மி" என்றார்.
குழாயை எடுக்க உள்ளே போனவர்
வர ரொம்ப நேரமாயிற்று.