பனிக்கழிவு

துறைமுகத் தராசில் என் வேலை எளிது.
பெட்டி வரும்.
மீனும் பனிக்கட்டியும் சேர்ந்தே வரும்.
மொத்தத்தை எழுதுவேன்,
பெட்டியைக் கழிப்பேன்,
பனியைக் கழிப்பேன்,
மிச்சம்தான் மீன்.
படகுக்காரர்கள் சண்டைக்கு வருவது
எப்போதும் அந்த இரண்டாம் கழித்தலில்தான்.

பொலுங்கர்வீக்கில் பத்தொன்பது வருடம்
ஊரார் மீனை நிறுத்தவள்
பிப்ரவரியில் என்னை நிறுத்தேன்.
எண்பத்து நான்கு.
"எடை குறையட்டும், ஸ்டெய்ன்வோர்" என்றார் மருத்துவர்.
எது குறையட்டும் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஐந்து வாரம்
வெள்ளரிக்காய், கறுப்புக் காப்பி, வெந்நீர்.
நீச்சல்குளத்து மாடியில்
ஓடும் பட்டைமேல் ஓடினேன்,
ஓடாத மலை ஒன்று
கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.
ஆறு கிலோ போயிற்று.
காப்பி அறையில் கைதட்டினார்கள்.

மறுநாள் மீன்பெட்டி மூடியைத் தூக்கினேன்.
வழக்கமான மூடி,
தூக்கத்தில்கூடத் தூக்கியிருப்பேன்.
பாதியில் நின்றது கை.

கிராஷினா பார்த்துவிட்டாள்.
மீன் அறுக்கும் வரிசையில் நிற்பவள்,
மாலையில் தன்னைவிடக் கனமான இரும்பைத்
தரையிலிருந்து பிடுங்குபவள்.
வந்து எட்டு வருடமாகியும்
எங்கள் மொழியில் நாலு வார்த்தைக்கு மேல் அடுக்கமாட்டாள்.
"பனி போகலை. மீன் போச்சு" என்றாள்.

கிலோவுக்கு இத்தனை கிராம் புரதம் என்று
அட்டைப்பெட்டியின் முதுகில் எழுதினாள்:
ஒன்று புள்ளி ஆறு.
எந்தக் கிலோவுக்கு?
இன்று நிற்கிற எழுபத்தெட்டுக்கா,
நான் ஆசைப்படும் எழுபதுக்கா?
அதற்கு நூற்று இருபத்தைந்து,
இதற்கு நூற்றுப் பன்னிரண்டு.
நடுவே பதின்மூன்று கிராம், இரண்டு முட்டை.
இருக்கிற உடம்புக்கு ஊட்டுவதா,
இனிமேல் வரப்போகிறவளுக்கா?
இரண்டு பேருக்குச் சமைப்பது
எப்போதோ நின்றுபோன வீட்டில்
இப்படி ஒரு கேள்வி.
கிராஷினா தோளைக் குலுக்கினாள்.
"நடுவில் எங்கேயாவது. சாப்பிடு."

விடியுமுன் ஒரு கிண்ணம் ஸ்கீர், இரண்டு முட்டை;
அது முப்பத்தைந்து.
பத்து மணிக்குக் காற்றில் உலர்ந்த கருவாடு,
உப்புப் படாதது, ஒரு பிடி; இருபத்து நான்கு.
அதை வெண்ணெய் இல்லாமல் மெல்லுகிறவள்
இந்தத் தீவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.
(சனிக்கிழமை தடவினேன். குறிப்பேட்டில் எழுதவில்லை.)
இரவில் காட் மீன்.
பகலெல்லாம் டன் கணக்கில் நான் பார்த்தது
சமையலறைத் தராசில் இருநூறு கிராமாகப் படுத்து
என்னைப் பார்த்தது.
பெட்டி இல்லை, பனி இல்லை.
கழிக்க ஒன்றுமில்லாத மீனை
முதல்முறையாக நிறுத்தேன்.

பிறகு இரும்பு.
முதலில் வெறும் கம்பி, பிறகு கம்பியோடு தட்டு.
முள் மூன்று வாரம் நகரவில்லை.
தராசை உதைத்தேன், பிறகு துடைத்து வைத்தேன்.
என் தொழிலில் தராசைக் குறை சொல்பவர்களை
எனக்குப் பிடிக்காது.

மே மாதம் மூடி மேலே வந்தது.
யாரும் கைதட்டவில்லை.
மூடியைத் தூக்குவது வேலை, அவ்வளவுதான்.

நேற்று, வெளிச்சம் அணையாத இரவில்,
லாரி நிறுக்கும் மேடையில் ஏறி நின்றேன்.
அந்த எந்திரம் இருபது இருபதாகத்தான் எண்ணும்.
எண்பது என்றது.
பிப்ரவரியிலும் எண்பது என்றிருக்கும்,
கை நின்றுபோன அன்றும் எண்பதுதான்.
எழுபத்தேழு என்பது வீட்டுத் தராசுக்குத் தெரியும்.
எழுபத்தேழில் பனி எவ்வளவு என்று
அதற்கும் தெரியாது.

சீட்டு அச்சாகி வந்தது.
நிறை: எண்பது.
கழிவு: ஒரு வெற்றுக் கோடு.
நிரப்பாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
பசித்தது.
வீட்டில் ஸ்கீர் இருக்கிறது.
இன்றைய கணக்கில் இன்னும்
இருபத்திரண்டு கிராம் பாக்கி.