கோப்பு எண் ஏழு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
எதிர்பார்க்கும் முடிவு.
'தெரியாது' என்று எழுதி
அழித்து
நாலு வரி புளுகினேன்.
ஐந்நூறு டாலர் கொடுத்துவிட்டார்கள்.

சாஸ்கட்டூனில் பிப்ரவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்த ஆற்றில் துளைபோட்டு
மைக்கை இறக்கினோம்,
நானும் கோல்ட்டனும்.
கோதுமைப் பண்ணை வீட்டுப் பிள்ளை,
குளிரைப் பற்றிப் பேசவே மாட்டான்.

பதினொரு இரவு.
பெரும்பாலும் ஒன்றுமில்லை.
எப்போதாவது பனி விரியும்,
அடுத்த அறையில் யாரோ
அப்பளம் நொறுக்குவதுபோல.
அறிக்கையில் அதை
'குறுகிய, உயர் அதிர்வெண் ஒலி'
என்று போட்டேன்.

ஏழாவது கோப்பில் மட்டும் வேறொன்று.
தொம். தொம்.
நிற்கும்.
தொம்.
பேராசிரியர் ஹலீனா தலைசாய்த்துக் கேட்டார்.
மீனா? பாலத்து லாரியா?
மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு
கடைசியில் குறிப்பேட்டு நேரத்தோடு
ஒட்டிப் பார்த்தால்,
பேட்டரி மாற்றப் போன
எங்கள் நாலு பூட்ஸ்.

ஆற்றுக்கு நாங்கள்
இப்படித்தான் கேட்டிருக்கிறோம்.

பிழை, வெட்டிவிடு என்றான் கோல்ட்டன்.
வெட்டவில்லை.

மாணவர் கண்காட்சியில்
எங்கள் போஸ்டர் கோணலாகத் தொங்கியது.
யாரோ கூட்டிவந்த சிறுவன்
ஹெட்போனை மாட்டிக் கேட்டான்,
கழற்றாமலே
ஒரு காலைத் தூக்கி
மெல்ல வைத்தான்.