விளக்கெண்ணெய்ப் பற்று

ஆகாயத்தில் போக விளக்கெண்ணெய் வேண்டுமென்று
கொத்தவால் சாவடியில் எவரும் நம்பவில்லை.
எட்டு டின், முதல் தரம், இருமுறை வடிகட்டியது
என்று கேட்டவனிடம்
ஊருக்கே பேதிக்குக் கொடுக்கப்போகிறீரா என்றார் பாலய்ய செட்டி.
உலகத்தைச் சுற்றி வரப்போகிறேன் என்றான்.
செட்டி என்னைப் பார்த்தார்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.

லாரன்ஸ் மாசிலாமணி, புதுப்பேட்டை.
பாஸ்ராவில், சண்டையில், துரைமார் விமானங்களுக்குத்
திருகாணி முடுக்கிய கை.
சண்டை ஓய்ந்ததும் ஏலத்தில் ஒன்றை எடுத்திருந்தான்.
இறக்கை கிழிந்த இடங்களில்
சிந்தாதிரிப்பேட்டைத் துணியை ஒட்டுப் போட்டிருந்தான்.
பெட்ரோலில் கரையாத எண்ணெய் இது ஒன்றுதானாம்.
எஞ்சின் குடித்தது போக மீதியை
ஓட்டுகிறவன் முகத்தில் துப்புமாம்.
வாயை மூடிக்கொண்டு ஓட்டும், என்றார் செட்டி.

கல்கத்தா, அக்யாப், ரங்கூன், சயாம், ஜப்பான்...
எழும்பூரில் பாசஞ்சர் வண்டிக்கு
ஊர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனான்.
அப்புறம்?
அப்புறம் பெருங்கடல். கப்பலில் ஏற்றிவிடுவேன்.
அது பறந்த கணக்கில் சேருமா?
அவனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.
பாதிப் பணம் வைத்தான்.
மீதியை மேற்கேயிருந்து வந்து தருகிறேன்,
பரங்கிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள்.
எழுதிக்கொண்டேன்:
பற்று ரூபாய் நாற்பத்தொன்று, அணா ஆறு.

காகிதம் கோட்டையில் மேசைக்கு மேசை நகர்ந்து
கையெழுத்தாகி வருவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது.

தீவுத்திடலில் சுண்டல் விற்றது.
தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.
ஓடியது, குதித்தது, அப்புறம் குதித்தது இறங்கவில்லை.
தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டபோது
எங்கள் எண்ணெய் எங்கள்மேலேயே தூறியது.
ஜனங்கள் சட்டையை மோந்து பார்த்துச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அவன் மனைவி எஸ்தர் குடையை விரித்துப் பிடித்திருந்தாள்.
அந்தக் குடை மட்டும் வடக்குப் பக்கம்
சாய்ந்துகொண்டே போனது.

பழவேற்காட்டில் வலை இழுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.
கருக்கலுக்குள் போன சத்தம்
மறுபக்கம் வெளியே வரவில்லை என்றார்கள்.
மறுநாள் கடலில் ஓரிடம்
ஒரு பாய் அகலத்துக்கு அலையே எழும்பாமல்
வழுவழுவென்று கிடந்ததாம்.
பத்திரிகையில் ஆறு வரி.
பாய் விஷயம் அதில் இல்லை.
மீன்கூடையோடு வந்தவன் சொல்லித்தான் தெரியும்.
எந்தத் தரம் என்று கேட்க வாய் வந்து, அடக்கிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் எஸ்தர் கடைக்கு வந்தாள்,
கைவண்டியில் ஆறு காலி டின்.
டின்னுக்கு எட்டணா முன்பணம் உண்டே,
அதைப் பற்றில் கழித்துக்கொள்ளுங்கள் என்றாள்.
மூன்று ரூபாய் கழித்தேன்.
மிச்சத்தைச் செட்டி எட்டிப் பார்த்தார்.
வட்டிக்கு வட்டி போடுகிற மனிதர்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
அடித்துவிடு அப்பா, தள்ளுபடி, என்றார்.

அடிக்க வேண்டாம், என்றாள்.

அம்மா, நான் கேட்கப்போவதில்லை.

நீங்கள் கேட்க வேண்டாம். இருக்கட்டும்.
இன்னும் இரண்டு டின் அவரிடம் இருக்கிறது.

கைவண்டிக்காரனுக்குக் கூலி பேசிக்கொண்டே போய்விட்டாள்.

ஆயுத பூஜைக்குப் புதுப் பேரேடு பிரிக்கும்போதெல்லாம்
வராத கடன்களை ஒவ்வொன்றாய்ச் சிவப்பில் அடிக்கிறேன்.
போண்டியான ராயபுரம் சோப்புக் கம்பெனி,
ஓடிப்போன கும்மிடிப்பூண்டிக் கமிஷன்காரன்.
மாசிலாமணியை மட்டும் அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோகிறேன்.
ரூபாய் முப்பத்தெட்டு, அணா ஆறு.
டின் இரண்டு.

இப்போது செட்டியின் மகன் கடையில் உட்காருகிறான்.
யார் இந்த விளக்கெண்ணெய் என்று கேட்டான்,
திட்டுகிற அர்த்தத்தில்தான்.
வெளியூர் போயிருக்கிறார் என்றேன்.

அன்றைய சட்டையில் தோளருகே இன்னும் பொட்டுப் பொட்டாக இருக்கிறது.
வெளுக்கப் போட்டால் மற்ற இடமெல்லாம் பழசாகிறது.
மழைக்காலத்தில் கொஞ்சம் வாசனைகூட வருகிறது.
கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்போது
மேற்கே ஒரு தரம் பார்ப்பேன்.
பெரும்பாலும் பருந்துதான்.