ஒரு குரோனே நுழையும் அளவு

நகராட்சியிலிருந்து வந்த யூருன்
கணப்பின் வாய்க்குள் தோள்வரை நுழைந்து
வெளியே வந்தபோது
ஒரு கன்னம் மட்டும் கரியாக இருந்தது.
"காசு இருக்கா?" என்றாள்.
நடுவில் ஓட்டை போட்ட ஒரு குரோனே
பர்ஸின் அடியில் கிடந்தது.
பின்சுவரில் நான்காம் வரிசைச் செங்கல்லில் தொடங்கி
படிப்படியாக இறங்கும் கோட்டில்
அதைச் செருகினாள்.
நின்றது.
இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.
போய்விட்டது.

மயிரிழை என்றால் விட்டுவிடலாம்,
சூட்டில் செங்கல் பருக்கும், ஆறினால் அடங்கும்,
இது அந்த வகையில்லை என்று சொல்லி
கணப்பின் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினாள்.
தீ மூட்டத் தடை.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"சுவர் பொது. அந்த வீட்டுக் கணப்புக்கும் இதுதான் முதுகு.
ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

அந்த வீடு ஆஸ்முண்டுடையது.
எட்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.
காரணம் பனி.
அவர் வாசலில் வழிக்கும் பனி
என் கேட்டுக்கு முன்னால் குவியும்.
ஒருநாள் அத்தனையும் வாரி
அவர் கார்மேல் கொட்டினேன்.
கண்ணாடி ஒன்று உடைந்தது.
இவ்வளவுதான் கதை.
ரோரோஸில் குளிர்காலம் நீளம்;
கோபம் கெட்டுப்போகாமல் இருக்க
இதைவிட நல்ல பெட்டி கிடையாது.

படிவத்தை அவர் கதவிடுக்கில் செருகினேன்.
மணி அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை,
கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு,
மண்டியிட்டு, திருப்புளியால்
உளுத்த சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
விரிசலுக்குள் இருமல் கேட்டது.
என்னுடையது அல்ல.
நிறுத்தினேன்.
அந்தப் பக்கமும் எதுவோ சுரண்டியது,
நின்றது.

பிறகு வெளிச்சம்.
நூல் போல ஒன்று
கரிக்குள்ளிருந்து வந்து
என் மணிக்கட்டில் கோடு போட்டது.

"தெரியுதா?"
கேட்டது சுவர்.
குரல் எட்டு வருடத்தில் கரகரத்திருந்தது.
"தெரியுது."
"எங்கெல்லாம்?"
"நாலாவது வரிசை. ஆறாவது. கீழே சாம்பல் தட்டு வரைக்கும்."
டார்ச் நகர்ந்தது.
"இங்கே?"
"இல்லை."
"இங்கே?"
"ம்."
இப்படியே அரைமணி நேரம்.
கண்ணாடியைப் பற்றி அவர் பேசவில்லை,
பனியைப் பற்றி நான்.

தீக்களிமண் சாந்து கடையில் ஒரு வாளிதான் இருந்தது.
அவர் முந்திக்கொண்டார்.
பாதியை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து
என் படியில் வைத்திருந்தார்.
மூடியில் பென்சில் எழுத்து:
முதலில் செங்கல்லை நனைக்கவும்.
அதன் கீழே விலை, இரண்டால் வகுத்து,
விடைக்கு வட்டம் போட்டு.

நனைத்தேன்.
காய்ந்த செங்கல்லின் தாகம் பொல்லாதது,
சாந்தின் ஈரத்தைக் குடித்துவிட்டு
அதை மணலாய்த் துப்பும்.
விரலாலேயே அடைத்தேன், கரண்டி எட்டாத இடங்களில்.
ஓரிடத்தில் நான் அழுத்த
சாந்து திரும்பி என்னை அழுத்தியது.

உடனே கையை எடுக்கவில்லை.
பிறகு எடுத்து,
ஈரத்துணியால் துடைத்துச் சமமாக்கினேன்.

ஐந்து நாள் உலரவிட்டோம்.
அதன்பின் உள்ளங்கையளவு தீ, சுள்ளிகள் மட்டும்.
மறுநாள் இரண்டு கை அளவு.
யூருன் வந்து புகை காட்டிப் பார்த்து,
மஞ்சள் தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள்.
குரோனே உள்ளேதான் இருக்கிறது.
யார் பக்கம் என்று படிவத்தில் இல்லை.

அன்றிரவு விடாமல் பனி.
காலையில் கேட்டைத் தள்ளினேன், திறக்கவில்லை.
குவியல் வழக்கம்போல் என் பக்கம்,
நேர்த்தியாக, மண்வாரியின் தட்டுக்குறியோடு.
சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிவிட்டு
உள்ளே வந்தேன்.
என் கணப்பை இன்னும் மூட்டவில்லை.
கையுறையைக் கழற்றிச்
சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது.